கண்காணிப்போன் கடன்

ஒரு வினையைத் தன் கையால் செய்யாத ஒருவன், அவ்வினையால் வரும் புகழுக்கு உரியவன் ஆவானா? ஆவான் எனில், அதனால் விளையும் பழிக்கும் அவனே உரியவன் ஆகவேண்டும் அன்றோ? அறநெறியை ஆராய்வோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. மன்னன் கோயில் எடுப்பித்தான் என்கிறோம். கல் சுமந்தவனும், கல்லைச் செதுக்கியவனும், சாரம் கட்டியவனும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து போகின்றனர். தஞ்சைப் பெரிய கோயில் இதற்கு ஓரளவு விலக்காக நிற்கிறது. அங்கே பெருந்தச்சனின் பெயர் கல்லில் இருக்கிறது. கோயிற்பணிக்கென வரவழைக்கப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களும், அவர்கள் எவ்வூரிலிருந்து வந்தனர், எவ்வீட்டில் குடியிருந்தனர் என்பனவும் பொறிக்கப்பட்டுள்ளன. எனினும் அவ்வளவு பெயர்களுக்கும் மேலாக நிற்பது இராசராசனின் பெயரே. அப்பெயர் அங்கு நிற்பதற்கு எது உரிமை தருகிறது?

இவ்வினா இன்று புதியதொரு தொழிலில் புத்துருக்கொண்டு எழுந்துள்ளது. கணினியிலும் கைப்பேசியிலும் இளைஞர் ஆடுகின்ற வீடியோ கேம் எனப்படும் காணொளி விளையாட்டைத் தயாரிக்கும் தொழிலே அது. 'விளையாட்டுத்தானே' என்று ஆசிரியர்கள் ஒதுக்கிவிடக்கூடிய பொருளன்று இது. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்ட ரந்தாவ் வட்டாரத்தில், பாட்டன் பால்வெட்டிய தோட்டத்துக்கு அருகிலேயே வாழும் பேரன், மாலையில் கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடி ஆடிக்கொண்டிருப்பது அவ்விளையாட்டைத்தான். தொடக்கப்பள்ளியின் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் நிரலாக்கம் இடம்பெற்றுவிட்டது. ஆடுபவனாக மட்டுமன்றி ஆக்குபவனாகவும் அவன் ஆகக்கூடும். ஆக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அவனுடைய ஆசிரியர் அறிந்திருப்பது நல்லது.

பெரியதொரு விளையாட்டை முடித்தவுடன், திரைப்படத்தின் இறுதியில் ஓடுவது போலவே நீண்ட பெயர்ப்பட்டியல் ஒன்று திரையில் ஓடும். நிரல் எழுதியோர், ஓவியர், இசைஞர், கதை எழுதியோர், பிழை தேடிச் சோதித்தோர் என நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். சில விளையாட்டுகளில் அவை ஆயிரத்தையும் தாண்டும். அப்பட்டியலில் தனித்து நிற்கும் பெயர் ஒன்று உண்டு: நிர்வாகத் தயாரிப்பாளர். அவர் ஒரு வரி நிரலும் எழுதியிருக்கமாட்டார். ஒரு மரத்தையோ மலையையோ வரைந்திருக்கமாட்டார். பின் அவர் செய்தது என்ன?

இவ்விளையாட்டைத் தொடங்கலாம் என்று இசைவு தருபவர் அவர். எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு, எத்தனை பேர் என்று வரையறுப்பதில் அவர் சொல்லே நிற்கும். பணம் போட்ட நிறுவனத்துக்கும் பணி செய்யும் குழுவுக்கும் நடுவில் நின்று, இரு திசையிலும் பேசுபவர் அவர். குழுவின் அன்றாடக் கணக்கை அவருக்குக் கீழுள்ள தயாரிப்பாளர்கள் கவனிப்பார்கள். ஆடத்தக்க முதல் வடிவம், எல்லாப் பகுதிகளும் கூடிய வடிவம், பிழை நீக்கிய வடிவம் எனக் கட்டங்கள் பல உண்டு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் 'தொடர்க' என்றோ 'நிறுத்துக' என்றோ சொல்லவேண்டியவர் நிர்வாகத் தயாரிப்பாளரே. ஈராண்டு உழைப்பில் உருவான ஒரு பகுதியை 'இது வேண்டா' என்று வெட்டி எறியும் அதிகாரமும் அவரிடம் உண்டு. வெளியீட்டு நாளைக் குறிப்பவரும், குறித்த நாளைத் தள்ளிவைப்பவரும் அவரே. சுருங்கச் சொன்னால், அவருடைய கருவி எழுதுகோலுமன்று தூரிகையுமன்று. 'ஆம்', 'இல்லை' என்னும் இரு சொற்களே.

திரைப்படத் தயாரிப்பாளரை அறிந்த தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. 1948-இல் 'சந்திரலேகா'வை எடுத்த ஜெமினி எஸ்.எஸ்.வாசனை எண்ணிப்பார்க்கலாம். முதலில் அப்படத்தை இயக்கியவர் வேறொருவர். கருத்து வேறுபாடு எழவே, வாசன் தாமே இயக்கத்தை ஏற்றார். பெருமுரசுகளின் மேல் மகளிர் ஆடும் காட்சியை இன்றும் மக்கள் வாசனின் காட்சி என்றே நினைவுகூர்கின்றனர். அரங்கம் அமைத்தவரையும் ஆடியவரையும் முரசு செய்த தச்சரையும் எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் வாசன் தம் உடைமையையெல்லாம் பணயம் வைத்து நின்றார் என்பதையும் மறுத்தற்கில்லை.

ஆனால் ரந்தாவ் மக்களுக்கு இப்பதவியை விளக்கச் சென்னை வரை செல்லவேண்டியதில்லை. தோட்டத்தின் வரலாறே போதும்.

கித்தா மரம் தழைத்த காலத்தில் தோட்டத்துக்கு உரிமை பூண்ட நிறுவனம் இலண்டனில் இருந்தது. தோட்டத்தில் துரை இருந்தார். அவருக்குக் கீழே கிராணியும் கங்காணியும் மண்டோரும் இருந்தனர். அதற்கும் கீழே, விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாக நிரைக்குச் சென்ற தொழிலாளர் இருந்தனர். கங்காணி என்னும் சொல்லே கண்காணி என்பதன் திரிபு. கண்ணால் காண்பவன் அவன். கையால் செய்பவன் அல்லன். தன் ஊரினின்றும் தன் உறவினின்றும் ஆள் திரட்டி வந்தவன் அவன். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஒருவன் காய்ச்சலோடு படுத்திருந்தால் கங்காணிக்கு அன்றைய வருவாய் குறையும். அந்த ஏற்பாட்டின் நுட்பமான தீமை இங்குத்தான் இருந்தது. 'மாமா' என்றும் 'சின்னையா' என்றும் முறை சொல்லி அழைக்கப்பட்டவனே காய்ச்சல்காரனை எழுப்பவும் வந்தான். இந்திய அரசு 1938-இல் ஆள் அனுப்புவதைத் தடை செய்தபோது கங்காணி முறையும் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1910-இல், ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டிருந்தது.

கங்காணியைவிடவும் நிர்வாகத் தயாரிப்பாளரை ஒத்தவர் இன்னொருவர் தோட்டத்தில் உண்டு. இலண்டன் இயக்குநர்களின் சார்பில் அவ்வப்போது வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதும் மேற்பார்வைத் துரையே அவர். அவர் வருகிறார் என்றால் பாதை செப்பனிடப்படும்; லயத்துக்கு வெள்ளையடிக்கப்படும். அவர் மரத்தருகே நின்று பட்டையைத் தொட்டுப் பார்ப்பார். பட்டைக்குள் பால் மிகுதியாக ஓடும் குழல்கள், வளர்படலத்தை ஒட்டியே இருக்கின்றன. அப்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டுவதே நல்ல வெட்டு. இன்னும் ஆழ்த்தி வெட்டினால் இன்று பால் கூடுதலாக வடியும். ஆனால் மரம் காயப்படும். புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் கத்தி வைக்க இயலாது. மங்கில் நிறைந்த பாலை மட்டும் அளப்பவர்க்கு இஃது ஒருபோதும் தெரியாது. பட்டையைத் தொட்டுப் பார்ப்பவர்க்கே தெரியும்.

கணினி விளையாட்டுத் தொழிலின் இளமைக்கால வரலாறு, மங்கை மட்டும் அளந்தவர்களின் வரலாறாகவே தொடங்குகிறது. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1970-களின் இறுதியில் விளையாட்டுகளை விற்றுப் பெரும்பொருள் ஈட்டிற்று. அவற்றை ஆக்கியவர்களின் பெயரை அட்டையிலோ திரையிலோ அச்சிட அந்நிறுவனம் இசையவில்லை. அக்காலத்தில் ஒரு விளையாட்டை ஒருவரே கருவுற்று, வரைந்து, நிரல் எழுதி முடித்தார் என்பதையும் கருதவேண்டும். வாரன் ராபினெட் என்பவர் 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை ஆக்கியபோது, அதனுள் எவரும் எளிதில் காணவியலாத ஓர் இரகசிய அறையை அமைத்தார். அவ்வறையில் தம் பெயரை எழுதி வைத்தார். மேலாளர்களுக்குத் தெரியாமலே அது 1980-இல் கடைக்கு வந்தது. அவர் பணியை விட்டுச் சென்ற பிறகு, ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் அதனைக் கண்டுபிடித்து எழுதினான். கோபுரத்தின் ஒரு மூலையில் தன் உருவத்தைச் சிறிதாகச் செதுக்கி வைத்த சிற்பியின் மனநிலைதான் இது.

அதே நிறுவனத்தின் நிரலாளர் நால்வர் அத்துடன் அமையவில்லை. 1979-இல் வெளியேறி, ஆக்டிவிஷன் என்னும் புதிய நிறுவனம் காண முன்னின்றனர். அதன் விளையாட்டுகளோடு வந்த கையேட்டில் ஆக்கியவரின் பெயரும் படமும் இடம்பெற்றன. 1982-இல் டிரிப் ஹாக்கின்ஸ் தொடங்கிய எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், விளையாட்டை இசைத்தட்டின் உறை போன்ற அழகிய உறையில் இட்டு, ஆக்கியோரைக் கலைஞர் என்று போற்றி விற்றது. தயாரிப்பாளர் என்னும் பதவியை இசைத்தட்டுத் தொழிலின் வழக்கைப் பின்பற்றி இத்தொழிலுக்குள் நிலைநாட்டியதில் அந்நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கலைஞனுக்கு மதிப்புக் கொடுக்க எழுந்த நிறுவனமே கலைஞனுக்கும் பணத்துக்கும் நடுவே நிற்கும் ஓர் ஆளையும் படைத்தது. அஃது இயல்பே. பெயர் பெற்ற பலர் கூடிச் செய்யும் பணியில், 'போதும்' என்று சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார்.

இப்பதவி எவ்வளவு வேறுபட்ட இருவரைத் தாங்கக்கூடியது என்பதற்கு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் நல்ல சான்று. 1949-இல் அதன் தலைமையை ஏற்ற ஹிரோஷி யாமாவுச்சி 2002 வரை அப்பொறுப்பில் இருந்தார். உலகெங்கும் சிறுவர் ஆடிய பல விளையாட்டுகளின் பெயர்ப்பட்டியலில் நிர்வாகத் தயாரிப்பாளர் என்று அவர் பெயரே வந்தது. அவரோ வீடியோ கேம் ஆடும் பழக்கமே இல்லாதவர். 'கோ' எனும் பழைய பலகை விளையாட்டில் வல்லவர். மின்னணு விளையாட்டில் நாட்டம் அற்றவர். பாட்டுக் கேளாதவன் இசைமன்றத் தலைவனாக இருப்பது போன்ற இந்நிலையைக் கண்டு நகைக்கத் தோன்றும். ஆனால் 1981-இல் நடந்ததைக் காணவேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்பிய விளையாட்டுப் பெட்டிகள் பெருமளவில் விலைபோகாமல் கிடங்கில் தேங்கின. அப்பெட்டிகளுக்குள் வைக்கப் புதிய விளையாட்டு ஒன்று வேண்டும். யாமாவுச்சி அப்பணியை, 1977-இல் ஓவியராகச் சேர்ந்திருந்த ஷிகேரு மியாமோட்டோ எனும் இளைஞரிடம் ஒப்படைத்தார். அவ்விளைஞர் அதற்குமுன் ஒரு விளையாட்டையும் தாமே ஆக்கியதில்லை. அவர்க்குத் துணையாகக் குன்பெய் யோகோய் எனும் பட்டறிவு மிக்க பொறியாளரை நிறுத்தினார். பிறந்தது 'டாங்கி காங்'. மீசை வைத்த தச்சனாக அதில் தோன்றியவனே பின்னர் மரியோ என்று உலகம் அறிந்தவன்.

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆளை ஆராய்ந்து, அவனுக்கு ஏற்ற வினையை அவனிடம் விட்டுவிடுவதும் ஒரு வினையே என்பது அதன் உட்கிடை. கைப்படாத உழைப்பு என்று ஒன்று உண்டு. மியாமோட்டோவின் கை வரைந்தது; யாமாவுச்சியின் தேர்வு அக்கைக்கு இடம் கொடுத்தது. இராசராசனின் பெயர் கல்லில் முதலிடம் பெறுவதற்கும் இவ்வளவு நியாயமே உண்டு. இதற்கு மேல் இல்லை.

யாமாவுச்சிக்குப் பின் 2002-இல் அப்பதவிக்கு வந்தவர் சட்டோரு இவாட்டா. இவர் நிரல் எழுதும் தொழிலாளியாகவே வாழ்வைத் தொடங்கியவர். கடனில் மூழ்கியிருந்த எச்.ஏ.எல். எனும் சிறு நிறுவனத்துக்கு 1993-இல் தலைவராகி அதனை மீட்டார். 'மதர் 2' என்னும் விளையாட்டு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு முடியாமல் நின்றபோது அவரை அழைத்தனர். இருப்பதையே திருத்துவதாயின் ஈராண்டு ஆகும். தொடக்கத்திலிருந்து மீண்டும் எழுதுவதாயின் அரையாண்டில் ஆகிவிடும் என்று அவர் சொன்னதாக அவ்விளையாட்டை ஆக்கிய குழுவினர் நினைவுகூர்வர். இரண்டாம் வழியே தேர்ந்துகொள்ளப்பட்டு, 1994-இல் விளையாட்டு வெளிவந்தது. பழைய உழைப்பைத் தூக்கி எறியலாம் என்று சொல்லும் துணிவு, அவ்வுழைப்பின் எடையைத் தன் தோளில் அறிந்தவனுக்கே தகும்.

இவாட்டாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 2011-இல் அவர் நிறுவனம் புதிதாக விற்பனைக்கு விட்ட கையடக்கப் பொறி எதிர்பார்த்த அளவு விற்கவில்லை; சில திங்களில் விலையைக் குறைக்க நேர்ந்தது. அப்போது அவர் தம் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2014-இல் மீண்டும் நட்டம் வந்தது. ஐந்து திங்களுக்குத் தம் ஊதியத்தை மறுபடியும் பாதியாக்கினார். ஏனைய இயக்குநர்களும் தம் பங்கைக் குறைத்துக்கொண்டனர். ஊழியரைக் குறைத்தால் என்ன என்று பங்குதாரர் கேட்டதுண்டு. நாளை வேலை இருக்குமோ என்று அஞ்சும் ஊழியன் பிறர் மனத்தை மகிழ்விக்கும் பொருளை ஆக்க இயலுமா என்பது அவர் தந்த மறுமொழியின் சாரம். பெருஞ்செல்வம் படைத்த நிறுவனத்தில் தலைவர் ஒருவர் அரை ஊதியம் விட்டுக்கொடுப்பது பெரிய துறவாகிவிடாது. ஆயினும் இடர் எத்திசையில் பாய்ந்தது என்பதே கருதத்தக்கது. அது கீழே பாயாமல் மேலே ஏறியது. அவர் 2015 சூலையில், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

இதற்கு நேர்மாறான திசையையும் காணவேண்டும். 1982-இல் அட்டாரி நிறுவனத்தின் மேலிடம், 'ஈ.டி.' திரைப்படத்தின் பெயரில் ஒரு விளையாட்டு விற்கும் உரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. பேச்சு முடிந்தபோது சூலைத் திங்களும் முடியும் தறுவாயில் இருந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடையில் இருக்கவேண்டுமாயின் செப்டம்பர் முதல் நாளுக்குள் நிரல் முடிந்தாகவேண்டும். வழக்கமாக ஆறு திங்கள் எடுக்கும் வேலை அது. ஹவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் நிரலாளருக்கு ஏறத்தாழ ஐந்து வாரமே கிடைத்தது. அவர் தம் இல்லத்திலும் ஒரு கணினியை வைத்துக்கொண்டு இரவு பகலாக எழுதி முடித்தார். விளையாட்டு விற்பனைக்கு வந்தது, வாங்கியோர் வெறுத்தனர், இலட்சக்கணக்கில் திரும்பி வந்தன. 1983-இல் நிறுவனம் ஐம்பது கோடி டாலருக்கு மேல் நட்டமடைந்தது. விற்காத சரக்கு நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ நகரில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் அதனைத் தோண்டி எடுத்தபோது வார்ஷா அங்கு நின்று பார்த்தார்.

'உலகின் மிகக் கெட்ட விளையாட்டை ஆக்கியவர்' என்று பல ஆண்டுகள் அவர் பெயரே சொல்லப்பட்டது. ஐந்து வாரம் என்று முடிவு செய்தவர்களின் பெயர் சிறுவர் நாவில் வரவில்லை. 'வார்ஷா இசைந்துதானே செய்தார்?' என்று ஒருவர் வாதிடலாம். ஆம், இசைந்தார், பெருமிதத்தோடு இசைந்தார். ஆனால் இசைவைக் காட்டிப் பொறுப்பினின்றும் நழுவும் வழக்கு மிகப் பழையது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவனும் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்துத்தான் ஏறினான். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அவன் அறிந்திருந்தானா, மறுக்கும் நிலையில் இருந்தானா என்பவை வேறு வினாக்கள். இசைந்தவன் ஓரளவு பொறுப்பாவான். ஆயினும் இயலாத நாளைக் குறித்தவனுடைய பொறுப்பு அதனால் குறைந்துவிடுவதில்லை.

நாளைக் குறிப்பதே இத்தொழிலில் கத்தியை ஆழ்த்துவதற்கு ஒப்பானது. விற்பனை நாள் நெருங்க நெருங்க, வாரம் ஏழு நாளும் பின்னிரவு வரை உழைக்கும் வழக்கம் இத்தொழிலில் வேரூன்றிவிட்டது. 2004 நவம்பரில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவியார் தம் பெயரை மறைத்து ஒரு திறந்த மடல் எழுதினார். தம் இணையர் வீடு திரும்பும் நேரத்தையும் திரும்பும் நிலையையும் அதில் விவரித்தார். அதனையொட்டி எழுந்த விவாதத்தோடு மிகைநேர ஊதியம் கேட்ட வழக்குகளும் நடந்தன. நிறுவனம் கோடிக்கணக்கில் இழப்பீடு தந்து முடித்துக்கொண்டது. கலைஞரின் படத்தை உறையில் அச்சிட்டுத் தொடங்கிய நிறுவனம் அது என்பதை மறக்கலாகாது. பெயரைத் தருவது எளிது. இரவைத் திருப்பித் தருவதுதான் கடினம்.

மேலிடத்தில் இருப்பவர்க்கு எல்லாம் தெரிந்திருக்க முடியுமா என்று ஓர் எதிர்வாதம் உண்டு. ஆயிரம் பேர் உழைக்கும் இடத்தில் ஒரு மூலையில் ஒருவன் மயங்கி விழுவதை அவர் எப்படி அறிவார்? அறியாத ஒன்றுக்குப் பழி சுமத்துவது அறமாகுமா? இவ்வாதத்தில் வலிமை இருக்கிறது. எனினும் தோட்டத்து அனுபவம் ஒரு விடை தருகிறது. மேற்பார்வைத் துரை வருமுன் லயத்துக்கு வெள்ளையடிக்கப்பட்டது ஏன்? வெள்ளையடித்த சுவரையே அவர் பார்க்க விரும்பினார் என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்ததனால். அறியாமை சில வேளைகளில் தானாக நேர்வதில்லை, ஏற்பாடு செய்யப்படுகிறது. கெட்ட செய்தி கொண்டுவந்தவனைக் கடிந்தவர்க்கு அடுத்த முறை நல்ல செய்தி மட்டுமே வந்து சேரும். ஆகவே, 'எனக்குத் தெரியாது' என்பவரிடம், 'தெரியவொட்டாமல் செய்தது யார்?' என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

போலந்து நாட்டின் சி.டி. புரொஜெக்ட் நிறுவனம் 2020 டிசம்பர் 10-ஆம் நாள் 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, உலகமே காத்திருந்த விளையாட்டு அது. பழைய பொறிகளில் அஃது ஓடவே தடுமாறியது. ஏறத்தாழ ஒரு கிழமையில் சோனி நிறுவனம் தன் கடையிலிருந்து அதனை நீக்கியது. 2021 சூன் வரை அது திரும்பவில்லை. 2021 சனவரியில் நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி காணொளியில் தோன்றி, ஆக்கிய குழுக்களைக் குறைகூற வேண்டா என்றும், வெளியிடலாம் என முடிவு செய்தது தாமும் இயக்குநர் குழுவுமே என்றும் கூறினார். காலம் கடந்த சொல்தான். அச்சொல்லால் விற்றுப்போன பிரதிகளின் பிழை நீங்கிவிடவில்லை. ஆயினும் நாற்பதாண்டுகளுக்கு முன்னர் வார்ஷாவுக்காக அவருடைய மேலிடத்தார் எவரும் அப்படி முன்வந்து நிற்கவில்லை என்பதை ஒப்பிட்டால், அச்சொல்லின் அருமை புலப்படும். அதன்பின் அந்நிறுவனம் அவ்விளையாட்டைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் திருத்தி, நற்பெயரை ஓரளவு மீட்டுக்கொண்டதும் உண்மை.

பணம் போட்டவனே இடரைச் சுமக்கிறான். ஆதலால் முடிவெடுக்கும் உரிமையும் அவனுக்கே என்று சொல்வோர் உளர். வாசனைப் போலத் தம் உடைமையையே பணயம் வைப்போர்க்கு இது பொருந்தும். எல்லார்க்கும் பொருந்தாது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது இலண்டனில் ஈவுத்தொகை குறைந்தது உண்மையே. ஆனால் கூலி குறைக்கப்பட்டுக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். விலையை அவர்கள் குறிக்கவில்லை. எத்தனை ஏக்கர் நடுவது என்றும் அவர்களைக் கேட்கவில்லை. அந்நிலையில் கேட்டுப் பெறுவதற்கென ஓர் அமைப்பு வேண்டும் என்ற உணர்வு வளர்ந்து, 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமாக உருப்பெற்றது. கணினி விளையாட்டுத் தொழிலில் அவ்வுணர்வு அண்மைக்காலத்தில்தான் அரும்பியிருக்கிறது. பெயருக்காக வெளியேறிய நால்வரோடு தொடங்கிய ஆக்டிவிஷன், வளர்ந்து இணைந்து பேருருக்கொண்டு, 2023 அக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு மைக்ரோசாப்ட் கைக்கு மாறியது. 2024 சனவரியில் மைக்ரோசாப்டின் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேர் வேலையிழந்தனர். அவர்களுடைய பெயர்கள் பழைய பட்டியல்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரிய நிறுவனங்களே இத்தொழிலின் முழு உருவமும் அல்ல. 2023 சூலை 31-இல் கனடாவின் டொரொண்டோ நகரிலிருந்து 'வெண்பா' என்னும் விளையாட்டு வெளிவந்தது. விசை கேம்ஸ் எனும் சிறு குழு ஆக்கியது. 1980-களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை அது. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். கிழிந்துபோன சமையற்குறிப்பு ஏட்டில் அழிந்த வரிகளை ஊகித்து, இட்டலியும் புட்டும் சமைத்துப் பார்ப்பதே ஆட்டம். தாய்மொழியிலிருந்து விலகிச் செல்லும் மகனும், அதைப் பார்த்து நிற்கும் தாயும் அதில் உள்ளனர். ஓர் இரவுக்குள் ஆடி முடித்துவிடலாம். 2024-இல் பிரிட்டனின் பாப்டா விருதை, அறிமுக விளையாட்டுக்கான பிரிவில் அது வென்றது. தமிழாசிரியர்கள் ஒருமுறையேனும் காணத்தக்கது.

இவ்வளவு சிறிய குழுவில் பொறுப்பைப் பற்றிய வினா மறைந்துவிடும் என்று தோன்றும். இலண்டனும் இல்லை, மேற்பார்வைத் துரையும் இல்லை. ஆக்குபவரே கணக்குப் பார்ப்பவர். ஆனால் கத்தி அவர் கையிலேயே இருக்கிறது, பட்டையும் அவருடையதே. சேமிப்பு கரைவதற்குள் முடிக்கவேண்டும் என்று தனக்குத்தானே நாள் குறித்துக்கொள்பவர், பிறரிடம் கேட்கத் துணியாத அளவு உழைப்பைத் தன்னிடமே கேட்பதுண்டு. தன் காணியில் தானே பால்வெட்டிய சிறுதோட்டக்காரர் பலர், கடன் நெருக்கிய ஆண்டில் மரத்தைக் காயப்படுத்தியதும் உண்டு. அவரைத் தடுக்கத் துரையும் இல்லை, மண்டோரும் இல்லை.

தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குள்ளும் இவ்வினா சிறிய வடிவில் வந்து சேர்ந்துவிட்டது. ஐவர் கொண்ட மாணவர் குழு ஒன்று நிரலாக்கப் பாடத்திற்காக ஒரு விளையாட்டை ஆக்குகிறது என்று கொள்வோம். இருவர் நிரல் எழுதினர். ஒருத்தி படம் வரைந்தாள். ஒருவன் ஒலி சேர்த்தான். ஐந்தாமவன் குழுத் தலைவன். அவன் ஒன்றும் எழுதவில்லை. எவனுக்கு எது வரும் என்று பார்த்துப் பிரித்துக் கொடுத்தான், சண்டையை நிறுத்தினான், குதிரை பறக்கும் பகுதி வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று சொல்லி அதனை நீக்கினான். நீக்கியதற்காக ஒலி சேர்த்தவன் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆசிரியர் மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஐந்தாம் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று முடிவு செய்யுமுன், வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தவர் யார் என்பதையும் அவர் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும்.